பெங்களூர்ப் பண்பலை: உரிமையாளர் மாறினும் பாடல் மாறாதது ஏன்?

ஓசூர்ச் சாலையில் பால்பண்ணை வட்டத்துக்கு அருகே அமைந்துள்ள அடுகோடி, பெங்களூரின் பழைய தொழிலாளர் பகுதிகளுள் ஒன்றாகும். 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மைக்கோ நிறுவனத்தின் தொழிற்சாலை இங்குதான் எழுந்தது. தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமும் இப்பகுதியிலேயே உள்ளது. கன்னடம் பேசுவோரோடு தமிழ், தெலுங்கு, உருது ஆகியவற்றைப் பேசும் குடும்பங்களும் இங்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. நகரம் முழுவதன் நிலையும் ஏறத்தாழ இதுவே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெங்களூர் நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவு. தமிழ், தெலுங்கு, உருது ஆகிய மூன்றும் தனித்தனியே பத்தில் ஒரு பங்குக்கும் கூடுதலான மக்களின் தாய்மொழிகள். இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் பத்தில் ஒரு பங்கினரும் இலர்.

இத்தகைய பகுதியில் ஒருவர் 2016ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சிறிய வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு பண்பலை வரிசையைத் திருப்பியிருந்தால், எட்டுத் தனியார் நிலையங்களைக் கேட்டிருப்பார். 91.1இல் ரேடியோ சிட்டி, 91.9இல் இண்டிகோ, 92.7இல் பிக், 93.5இல் ரெட், 94.3இல் ரேடியோ ஒன், 95.0இலும் 98.3இலும் மிர்ச்சி, 104இல் ஃபீவர். இவற்றுக்கிடையே ஆகாசவாணியின் அமிர்தவர்ஷிணி, ரெயின்போ, விவித் பாரதி ஆகிய மூன்றும் ஒலித்தன. தனியார் நிலையங்களுள் பெரும்பாலானவை கன்னடத் திரைப்பாடல்களையும், எஞ்சியவை இந்தி அல்லது ஆங்கிலப் பாடல்களையும் ஒலிபரப்பின. தமிழையோ தெலுங்கையோ உருதுவையோ தன் முதன்மை மொழியாகக் கொண்ட தனியார் நிலையம் ஒன்றுகூட இல்லை.

எட்டு நிலையங்களுக்கு ஏழு உரிமையாளர்கள். போட்டிக்குக் குறைவில்லை. போட்டி மிகுந்தால் வகையும் மிகும் என்பது பொருளாதாரப் பாடத்தின் முதல் பக்கத்தில் காணப்படும் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பு பெங்களூரின் வானலைகளில் ஏன் பொய்த்தது என்பதை ஆராய்வது, ஒலிபரப்புக் கொள்கையை வகுப்போருக்கும் பயில்வோருக்கும் பயன் தருவதாகும்.

முதல் உரிமை மாற்றங்கள்

வானொலி நிலையம் கைமாறுவது இந்நகருக்குப் புதிதன்று. மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக விளங்கிய எம்.வி. கோபாலசுவாமி, 1935ஆம் ஆண்டில் மைசூரில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு நிலையத்தை நிறுவி, அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர் சூட்டினார். தனி ஒருவரின் முயற்சியாகப் பிறந்த அந்நிலையம் பின்னர் மைசூர் சமஸ்தானத்தின் பொறுப்புக்கு மாறியது. குடியரசு மலர்ந்த 1950ஆம் ஆண்டில் அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. 1955இல் நிலையம் பெங்களூருக்கு இடம் பெயர்ந்தது. அதன் பெயரோ நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. ஒரு பேராசிரியரின் வீட்டிலிருந்து புறப்பட்ட பெயர் தேசிய ஒலிபரப்பின் பெயராக நிலைத்துவிட்டது.

இருபது ஆண்டுகளுக்குள் இருமுறை கைமாறிய அந்நிலையத்தில் உரிமையாளர் எவராயினும் வருவாய் நோக்கம் எழவில்லை. எதை ஒலிபரப்புவது என்பது கொள்கையின்பாற்பட்டதாகவே இருந்தது. அக்கொள்கையும் எப்போதும் கேட்போரின் விருப்பத்தைத் தழுவி அமைந்ததன்று. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்களுக்கு வானொலியில் இடமில்லாமல் செய்ய முற்பட்டார். கேட்போர் வாளாவிருக்கவில்லை, பெட்டியின் முள்ளை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பினர். இழந்த நேயர்களை மீட்கும் பொருட்டே 1957இல் விவித் பாரதி பிறந்தது. 1967இல் அதில் விளம்பரங்களும் இடம்பெறத் தொடங்கின. பொதுத்துறையே உரிமையாளராக நீடிக்க, நிகழ்ச்சியின் வகைமட்டும் முற்றிலும் மாறிய முதற்பெரும் நிகழ்வு இது.

அக்காலத்தில் அடுகோடியில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளிக்கு ஒரு வசதி இருந்தது. மத்திய அலையும் சிற்றலையும் மாநில எல்லையைப் பொருட்படுத்துவன அல்ல. இரவு நேரத்தில் மத்திய அலை நெடுந்தொலைவு செல்லும் இயல்புடையது. தமிழ்நாட்டின் நிலையங்களும் இலங்கையின் தமிழ் ஒலிபரப்பும் மொழிச் சிறுபான்மையினரைத் தேடி வந்தன. பண்பலையின் இயல்போ வேறு. அதன் அலைகள் ஏறத்தாழப் பார்வை எல்லைக்குள்ளேயே நிற்பவை. ஒலி தெளிவானது, பரப்பு சிறியது. 1977இல் சென்னையில் முதன்முதலாகப் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியபோது இது ஒரு தொழில்நுட்ப முன்னேற்றமாகவே கருதப்பட்டது. கேட்கும் பழக்கம் மத்திய அலையிலிருந்து பண்பலைக்கு மாறியபோது, அயல்மாநில ஒலிபரப்பை நம்பியிருந்த சிறுபான்மை நேயர்கள் தம் வாய்ப்பை ஓசையின்றி இழந்தனர் என்பது அதிகம் பேசப்படாத உண்மை.

ஏலத்துக்கு வந்த அலைவரிசை

1995ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள், வங்காளக் கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. அவை அரசின் தனியுரிமையும் அல்ல, தனியாரின் தடையற்ற உடைமையும் அல்ல என்பதே அத்தீர்ப்பின் சாரம். பொதுச் சொத்தை எவ்வாறு பகிர்வது என்ற வினாவுக்கு 1999இல் அரசு கண்ட விடை ஏலம். முதற்கட்டத்தில் 40 நகரங்களில் 108 அலைவரிசைகள் ஏலத்துக்கு வந்தன. இறுதியில் 12 நகரங்களில் 21 நிலையங்களே இயங்கின. அவற்றுள் முதலாவது பெங்களூரில்தான் தொடங்கியது. 2001ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் ரேடியோ சிட்டி தன் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, இந்தியாவின் முதல் தனியார் பண்பலை நிலையம் என்ற சிறப்பைப் பெற்றது.

முதற்கட்டத்தின் சோர்வுக்குக் காரணம் கட்டண முறையிலேயே அமைந்திருந்தது. ஏலத்தில் கேட்ட தொகையை ஆண்டுதோறும் உரிமக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். அத்தொகை ஆண்டுக்கு 15 விழுக்காடு உயரும். உரிமக் காலம் 10 ஆண்டுகள். முதலாண்டில் 100 ரூபாய் செலுத்தும் நிறுவனம் பத்தாம் ஆண்டில் 352 ரூபாய் செலுத்த வேண்டும். வருவாய் உயர்ந்ததா, தாழ்ந்ததா என்று எவரும் வினவார். விளம்பரச் சந்தை இன்னும் உருவாகாத நகரங்களில் இச்சுமையைத் தாங்க எவராலும் இயலவில்லை.

ஆயினும் பெங்களூரைப் பொறுத்தவரை இக்கட்டத்தில் நோக்கத்தக்கது வேறொன்று. 2006 வரை இந்நகரில் ஒரே ஒரு தனியார் நிலையமே இருந்தது. அந்நிலையம் கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளைக் கலந்தே ஒலிபரப்பியது. போட்டியில்லாத நிறுவனம் அனைவரையும் தன்பால் ஈர்க்க முயல்வது இயல்பே. போட்டி வந்த பின்னர் இக்கலவை மெல்ல மறைந்தது. ஒவ்வொரு நிலையமும் தனக்கென ஒரு மொழியைத் தேர்ந்துகொண்டது. தேர்ந்துகொண்டவற்றுள் பெரும்பாலானவை ஒரே மொழியைத் தேர்ந்தன.

ஸ்டைனரின் கணக்கு

இந்த விந்தையை விளக்கும் கருவி ஒன்று 1952இலேயே பொருளாதார இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்டது. பீட்டர் ஸ்டைனர் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் அந்நாட்டு வானொலி நிலையங்களைக் குறித்து எழுதிய கட்டுரையில், போட்டி நிலவும் ஒலிபரப்பில் நிலையங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்றும், பல நிலையங்களை ஒரே உரிமையாளர் நடத்தினால் வகைகள் பெருகும் என்றும் காட்டினார். பொதுவான எண்ணத்துக்கு நேர்மாறான இம்முடிவை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம்.

ஒரு நகரில் 100 நேயர்கள் உள்ளனர் என்க. அவர்களுள் 66 பேர் முதல் வகைப் பாடலையும், 22 பேர் இரண்டாம் வகையையும், 12 பேர் மூன்றாம் வகையையும் விரும்புகின்றனர். விருப்பமானது கிடைக்காவிட்டால் பெட்டியை அணைத்துவிடுவர். ஒரே வகையை ஒலிபரப்பும் நிலையங்கள் அவ்வகை நேயர்களைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். முதலில் வரும் நிலையம் 66 பேரை நாடும். இரண்டாவது நிலையம் என்ன செய்யும்? இரண்டாம் வகைக்குச் சென்றால் 22 பேர். முதல் வகையைப் பங்கிட்டால் 33 பேர். ஆகவே அதுவும் முதல் வகையையே தேரும். மூன்றாவது நிலையத்துக்கு இருபுறமும் 22 பேரே கிட்டுவர். அது இரண்டாம் வகைக்குச் சென்றது என்று கொள்வோம். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது நிலையங்கள் யாவும் மீண்டும் முதல் வகையையே நாடுகின்றன. ஏனெனில் 66ஐ ஐந்தால் வகுத்தாலும் 13 பேருக்கு மேல் கிடைக்கின்றனர். மூன்றாம் வகையிலோ 12 பேரே உள்ளனர். ஏழாவது நிலையம் வரும்போதுதான் மூன்றாம் வகை நேயர்களுக்கு வழி பிறக்கிறது.

மாறாக, இந்நகரின் அலைவரிசைகள் யாவும் ஓர் உரிமையாளரிடம் இருப்பின், மூன்று நிலையங்களிலேயே மூன்று வகைகளும் ஒலிக்கும். தன் நேயர்களைத் தானே பங்கிட்டுக்கொள்வதால் அவருக்கு ஊதியமில்லை. புதிய நேயர்களைச் சேர்த்தால்தான் ஊதியம் உண்டு.

இக்கணக்கு பெங்களூரின் நடப்பைப் பெரும்பாலும் விளக்குகிறது, முற்றிலும் விளக்கவில்லை. எட்டு நிலையங்கள் வந்த பின்னரும் தமிழுக்கு ஒன்று பிறக்கவில்லை. தலைக்கணக்கில் இந்தியைவிடத் தமிழ் முந்தியிருக்க, இந்திக்கு இடம் கிடைத்துத் தமிழுக்குக் கிடைக்காதது எவ்வாறு?

ஒரு காரணத்தை 1977இல் ஜாக் பீபி என்பவர் ஸ்டைனரின் கணக்கைத் திருத்தி எழுதிய ஆய்விலிருந்து பெறலாம். நேயர்களுக்கு இரண்டாவது விருப்பமும் உண்டு. அடுகோடியில் பிறந்து வளர்ந்த தமிழருக்குக் கன்னடம் நன்கு தெரியும். கன்னடப் பாடலையும் அவர் கேட்பார். முதல் விருப்பம் கிடைக்காத நிலையிலும் அவர் பெட்டியை அணைப்பதில்லை. நிலையத்தின் நோக்கில், ஏற்கெனவே கிடைத்துவிட்ட நேயருக்காகத் தனி நிலையம் எதற்கு? பல மொழி அறிந்திருப்பது மனிதனுக்குச் செல்வம். வானொலிச் சந்தையிலோ அதுவே அவனுக்குக் கேடாக முடிகிறது. புதிதாக நகருக்கு வந்து, கன்னடம் அறியாது, ஆனால் செலவழிக்கும் ஆற்றலோடு விளங்கும் இளைஞருக்கு இந்தி நிலையமும் ஆங்கில நிலையமும் கிடைக்கின்றன. அவர் இரண்டாவது விருப்பத்தால் அமைதியடைபவர் அல்லர்.

இன்னொரு காரணம், வானொலியில் விற்கப்படும் பொருள் பாடல் அன்று என்பதே. நேயரின் செவி விளம்பரதாரருக்கு விற்கப்படுகிறது. விளம்பரதாரர் தலைகளை எண்ணுவதில்லை. வாங்கும் திறனை எடை போடுகிறார். 2007 முதல் பெங்களூர் உள்ளிட்ட சில பெருநகரங்களில், தேர்ந்தெடுத்த சிலர் தாம் கேட்டவற்றை நாட்குறிப்பில் பதியும் முறையில் நேயர் அளவீடு நடைபெற்றது. அத்தகைய குறிப்புகளில் சிறுபான்மை மொழியின் எண்ணிக்கை சிறிதாகவே வெளிப்படும். மேலும், மும்பையிலோ தில்லியிலோ உருவான இந்தி நிகழ்ச்சியையும் விளம்பரத்தையும் பெங்களூரில் பயன்படுத்தச் செலவு குறைவு. 1991, 2016 ஆகிய ஆண்டுகளில் காவிரிப் பிணக்கையொட்டி நகரில் மூண்ட வன்முறையை அறிந்த முதலீட்டாளர், தமிழ் நிலையம் ஒன்றைத் தொடங்குவதற்கு முன் இருமுறை எண்ணியிருக்கவும் கூடும். இதனை எந்தக் கணக்கேட்டிலும் காண இயலாது.

உரிமம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்பதில்லை

இந்திய உரிம விதிகளில் ஒரு முரண் உண்டு. நிலையத்தின் பங்குகள் கைமாறுவதற்குக் கட்டுப்பாடுகள் பல. பெரும்பான்மைப் பங்குதாரர் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை விலகல் ஆகாது. அயல்நாட்டு முதலீட்டுக்கு வரம்பு உண்டு. இரண்டாம் கட்டத்தில் 20 விழுக்காடாக இருந்த அவ்வரம்பு, மூன்றாம் கட்டத்தில் 26 ஆகவும், 2015இல் 49 ஆகவும் உயர்ந்தது. ஆனால் நேற்று வரை கன்னடத்தில் ஒலித்த நிலையம் நாளை முதல் இந்திக்கு மாற விரும்பினால், எவரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. எந்த மொழியில், எவ்வகைப் பாடலை, யாருக்காக என்று உரிமம் கேட்பதே இல்லை. நேயருக்கு இவற்றுள் எது முதன்மையானது என்று வினவினால், பங்குப் பட்டியல் என்று எவரும் விடையளிக்கப் போவதில்லை.

அதனால்தான் இந்நகரில் உரிமையாளர்கள் மாறியபோதெல்லாம் கேட்போரின் வாழ்வில் பெரிய மாற்றம் நிகழவில்லை. ஸ்டார் குழுமத்தின் தொடர்போடு தொடங்கிய ரேடியோ சிட்டி, பின்னர் இந்தியா வேல்யூ ஃபண்ட் என்னும் முதலீட்டு நிதியத்தின் கைக்குச் சென்று, 2015இல் ஜாக்ரன் செய்தித்தாள் குழுமத்தை அடைந்தது. சன் குழுமத்தின் எஸ் எஃப்.எம். என்று 93.5இல் தொடங்கிய நிலையம் பின்னர் ரெட் என்று பெயர் மாறியது. ரேடியோ ஒன் நிறுவனத்தின் பெரும்பான்மை உரிமை 2019இல் எச்.டி. மீடியாவுக்குச் சென்றது. பிக் நிலையங்களை வாங்க ஜாக்ரன் குழுமம் 2019இல் செய்த ஏற்பாடு நிறைவேறாமற்போக, அந்நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உட்பட்டு, 2024இல் சஃபையர் மீடியா என்னும் நிறுவனத்தின் வசமாயிற்று. இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் புதிய மொழி எதுவும் நகரின் தனியார் வானலையில் சேரவில்லை.

கட்டண விதி மாறியபோதோ விளைவு தெளிவாகத் தெரிந்தது. அமித் மித்ரா குழு 2003இல் அளித்த பரிந்துரையின் வழி, 2005ஆம் ஆண்டின் இரண்டாம் கட்டக் கொள்கை வருவாய்ப் பங்கு முறையைக் கொணர்ந்தது. ஒருமுறை நுழைவுத் தொகையும், அதன்பின் பொதுவாக மொத்த வருவாயில் 4 விழுக்காடும் செலுத்தும் முறை வந்தது. நாடெங்கும் 91 நகரங்களில் 338 அலைவரிசைகள் அளிக்க முன்வரப்பட்டன. பெங்களூரில் ஒரு நிலையம் ஏழாகப் பெருகியது. ஆங்கிலப் பாடல்களுக்கெனவே 91.9இல் ஒரு நிலையம் தோன்ற முடிந்ததும் இக்கட்டத்தில்தான். சிறு நேயர் கூட்டத்தை நம்பும் நிலையத்துக்குச் சிறு வருவாயே கிட்டும். கட்டணமும் வருவாயோடு குறைந்தால்தான் அது பிழைத்திருக்க இயலும்.

மூன்றாம் கட்டத்தில் இந்நன்மை ஓரளவு பறிபோயிற்று. விதி இதுதான்: மொத்த வருவாயில் 4 விழுக்காடு, அல்லது அந்நகருக்குரிய நுழைவுத் தொகையில் 2.5 விழுக்காடு, இவற்றுள் எது மிகுதியோ அது ஆண்டுக் கட்டணம். 2015ஆம் ஆண்டு ஏலத்தில் பெங்களூரின் ஒரே புதிய அலைவரிசை ஏறத்தாழ 109 கோடி ரூபாய்க்குச் சென்றது. அதில் 2.5 விழுக்காடு என்பது 2 கோடியே 72 லட்சம். வருவாயில் 4 விழுக்காடு இத்தொகையை எட்ட வேண்டுமாயின், நிலையத்தின் ஆண்டு வருவாய் 68 கோடி ரூபாயாக இருத்தல் வேண்டும். அந்த அளவை எட்டாத நிலையத்துக்கு, வருவாய்ப் பங்கு என்பது பெயரளவில்தான். நடைமுறையில் அது நிலையான கட்டணமே. இதற்கு மேல், 109 கோடியை 15 ஆண்டு உரிமக் காலத்துக்குப் பகிர்ந்தால், வட்டியைக் கணக்கிடாமலேயே ஆண்டுக்கு 7 கோடிக்கு மேல் ஆகிறது. இச்சுமையோடு தொடங்கும் எவரும் 12 பேருக்கான பாடலைப் பற்றி எண்ணமாட்டார். 2023இல் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஆண்டுக் கட்டணத்தை நுழைவுத் தொகையோடு பிணைக்கும் இவ்விதியை நீக்குமாறு பரிந்துரைத்தது பொருத்தமே.

ஓர் உரிமையாளர், இரு நிலையங்கள்

மூன்றாம் கட்டக் கொள்கை இன்னொரு வாயிலைத் திறந்தது. ஒரு நகரில் ஒருவருக்கு ஒரே நிலையம் என்ற பழைய விதி தளர்ந்து, நகரின் அலைவரிசைகளுள் 40 விழுக்காடு வரை ஒரே நிறுவனம் வைத்திருக்கலாம் என்றும், குறைந்தது மூன்று உரிமையாளர்கள் இருத்தல் வேண்டும் என்றும் வரையறுக்கப்பட்டது. நாடு தழுவிய 15 விழுக்காட்டு வரம்பும் 2022இல் நீக்கப்பட்டது. இவற்றைச் செல்வக் குவிப்பு என்று சாடியோர் உண்டு. ஸ்டைனரின் கணக்கை அறிந்தோர் சற்றுப் பொறுத்தே தீர்ப்பளிப்பர். பெங்களூரின் புதிய அலைவரிசையை வென்ற மிர்ச்சி நிறுவனம், 98.3இல் கன்னடப் பாடல்களைத் தொடர்ந்துகொண்டே, 2016இல் 95.0ஐ வேறு நேயர்களுக்கென அமைத்தது. தன் நேயர்களைத் தானே பங்கிட்டுக்கொள்ள அது விரும்பவில்லை.

தமிழருக்கு இன்னும் தெளிவான சான்று மலேசியாவில் உள்ளது. அந்நாட்டு மக்களுள் இந்திய வம்சாவளியினர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனினும் அரசு வானொலியின் மின்னல் பண்பலையோடு, தனியார் துறையில் ராகா என்னும் தமிழ் நிலையமும் இயங்கி வருகிறது. ராகாவின் உரிமையாளரான ஆஸ்ட்ரோ நிறுவனம் மலாய், சீன, ஆங்கில நிலையங்களையும் நடத்துவது. மலாய் நிலையம் ஒன்று கையில் இருக்க, இன்னொரு மலாய் நிலையத்தால் கிடைப்பதைவிடத் தமிழ் நிலையத்தால் அதற்குப் புதிய நேயர்கள் கூடுதல். சிங்கப்பூரில் ஒலி 96.8 நிலையமும் பல மொழி நிலையங்களை நடத்தும் மீடியாகார்ப் நிறுவனத்தினுடையதே.

இதனால் உரிமைக் குவிப்பு எப்போதும் நன்றே என்று கொள்ளுதல் பிழை. செய்தியும் கருத்தும் ஒலிபரப்பாகும் நாடுகளில் ஒரே குரல் பல நிலையங்களில் ஒலிப்பது மக்களாட்சிக்கு ஏற்றதன்று. இந்தியாவில் தனியார் பண்பலை நிலையங்கள் தம் சொந்தச் செய்திகளை ஒலிபரப்ப இசைவு பெற்றவை அல்ல. ஆகாசவாணியின் செய்திகளை மாற்றமின்றி ஒலிபரப்பவே மூன்றாம் கட்டத்தில் இடமுண்டு. ஒவ்வொரு மணி நேரத்திலும் 10 நிமிடம் சொந்தச் செய்திக்கு இசைவளிக்கலாம் என்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பரிந்துரை. அது நடைமுறைக்கு வருமாயின், 40 விழுக்காட்டு விதியை மீண்டும் எடைபோட வேண்டிவரும்.

பொதுத்துறையின் பங்கு

சந்தையின் கணக்கில் அடங்காத நேயர்களுக்கு இந்நகரில் நிலையாகக் கிடைத்து வந்தது ஆகாசவாணி ஒன்றே. 100.1இல் ஒலிக்கும் அமிர்தவர்ஷிணி செவ்வியல் இசைக்கே உரியது. 2016ஆம் ஆண்டு குடியரசு நாளன்று, நாள் முழுவதும் செவ்வியல் இசை வழங்கும் ராகம் அலைவரிசையும் பெங்களூரிலிருந்து தொடங்கப்பட்டது. கருநாடக இசை நேயர்களின் எண்ணிக்கை தமிழ் நேயர்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக இருக்குமென்று எண்ண இடமில்லை. அவர்களுக்குப் பொதுத்துறை தனி அலைவரிசை வழங்க முடிந்ததெனில், மொழிச் சிறுபான்மையினருக்கு நாளில் சில மணி நேரமேனும் ஒதுக்குவது இயலாத செயல் அன்று.

சமுதாய வானொலி மற்றொரு வழி. 2006ஆம் ஆண்டுக் கொள்கை தொண்டு நிறுவனங்களுக்கும் இவ்வாய்ப்பை வழங்கிய பின்னர், பெங்களூரில் ஜெயின் கல்விக் குழுமத்தின் ரேடியோ ஆக்டிவ் 2007இல் 90.4இல் தொடங்கியது. இத்தகைய நிலையங்களின் ஆற்றல் பொதுவாக 100 வாட்; சென்றடையும் தொலைவு பத்துக் கிலோமீட்டர் அளவிலேயே அமையும். அடுகோடி, லக்கசந்திரா, ஈஜிபுரா போன்ற அடுத்தடுத்த பகுதிகளுக்கு அது தாராளமாகப் போதும். ஏலமும் நுழைவுத் தொகையும் இதற்கு இல்லை. நிகழ்ச்சிகளுள் பாதியேனும் உள்ளூரில் உருவாக வேண்டும் என்பதே நிபந்தனை. நாள்தோறும் நிகழ்ச்சி தயாரிக்க ஆட்களும், அவர்களுக்கு ஊதியமும், பழுது பார்க்கப் பணமும் எங்கிருந்து வரும் என்பதில்தான் இம்முயற்சிகள் தடுமாறுகின்றன.

கைப்பேசி வந்தபின் இவ்வினாவே எழாது என்று கூறுவோர் உளர். ஆகாசவாணியின் சென்னை ஒலிபரப்பை இணையத்தின் வழி இன்று அடுகோடியிலும் கேட்கலாம் என்பது மெய்யே. ஆயின் அது இலவசமன்று. கேட்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இணையத் தரவு செலவாகிறது. பண்பலையைக் கேட்கச் செலவில்லை. மேலும், சென்னை நிலையம் ஓசூர்ச் சாலையின் போக்குவரத்தையோ, பெங்களூரின் குடிநீர் வழங்கல் நேரத்தையோ, மாநகராட்சியின் தடுப்பூசி முகாமையோ அறிவிக்காது. வேற்றூர்ப் பாடல் கிடைக்கும். தன் ஊரின் செய்தி தன் மொழியில் கிடைக்காது. கைப்பேசிகளில் பண்பலை ஏற்பியைச் செயற்படுத்த வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் வலியுறுத்தியிருப்பதை இக்கண்ணோட்டத்திலும் நோக்குதல் வேண்டும்.

அடுகோடியும் மாறி வருகிறது. மைக்கோவின் வழிவந்த பாஷ் நிறுவனம் தன் உற்பத்தியைப் பிடதிக்கு மாற்றி, பழைய தொழிற்சாலை வளாகத்தை 2022இல் தொழில்நுட்ப வளாகமாகத் திறந்தது. எந்திரங்களின் அருகே நின்றவர்களின் இடத்தில் கணினியின் முன் அமர்வோர் வந்துள்ளனர். விளம்பரதாரரின் கணக்கில் அப்பகுதியின் மதிப்பு உயர்ந்திருக்கும். வளாகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வாழும் பழைய குடும்பங்களின் மொழி அதனால் மாறிவிடவில்லை.

2030க்கு முன்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மத்திய அமைச்சரவை, 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் அளித்தது. அவற்றின் மொத்தக் குறைந்தபட்ச விலை 784.87 கோடி ரூபாய். ஆண்டுக் கட்டணம் சரக்கு சேவை வரி நீங்கலாக மொத்த வருவாயில் 4 விழுக்காடு என வரையறுக்கப்பட்டது. தாய்மொழியில் உள்ளூர் நிகழ்ச்சிகள் பெருகும் என்ற நோக்கமும் அப்போது அறிவிக்கப்பட்டது. சிறு நகரங்களில் இந்நோக்கம் எளிதில் நிறைவேறலாம். அங்குப் பெரும்பான்மையின் மொழியும் நகரின் மொழியும் பெரும்பாலும் ஒன்றே. பல மொழிகள் வாழும் பெருநகரில், தாய்மொழி என்பது யாருடைய தாய்மொழி என்ற வினா எழுகிறது.

அதற்கு விடை காண வழிகள் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் வட்டார வணிக வானொலிக்கு உரிமம் வழங்கும்போது, அந்நிலையத்தின் நிகழ்ச்சித் தன்மையும் நிபந்தனையாக எழுதப்படும் மரபு இருந்தது. அதைப் போல, ஏலத்துக்கு வரும் அலைவரிசைகளுள் ஒன்றை மட்டும் மொழி நிபந்தனையோடு, குறைந்த நுழைவுத் தொகையில் வழங்கலாம். ஏலத்தொகையில் அரசு இழப்பது எவ்வளவு என்பதைக் கணக்கிடுவது எளிது. மற்றொரு வழி, இரண்டாவது நிலையத்தைப் பெறும் நிறுவனம் முதலாவதில் இல்லாத மொழியைத் தேர வேண்டும் என்று விதிப்பது. இதில் நிறுவனத்துக்கு இழப்பும் குறைவு. ஸ்டைனரின் கணக்குப்படி அது பெரும்பாலும் தானே செய்யக்கூடியதையே விதி உறுதிப்படுத்துகிறது. மொழியை உரிமத்தில் எழுதினால் அரசியல் பூசல் எழும் என்ற அச்சம் அடிப்படையற்றதன்று. எனவே கன்னடத்துக்குரிய முதன்மை குறையாத வகையிலும், மாநில அரசின் கருத்தைக் கேட்டும் இவ்விதியை அமைத்தல் வேண்டும்.

இரண்டாம் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்கு மாறிய பழைய நிலையங்களின் 15 ஆண்டு உரிமக் காலம் 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தொடங்கியது. பெங்களூரின் பழைய தனியார் நிலையங்கள் யாவும் 2030ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாளோடு புதிய உரிமம் பெற்றாக வேண்டும். அவ்வுரிமத்தின் வாசகம் அதற்குள் எழுதப்பட வேண்டும். மொழிக்கு அதில் ஒரு வரி இடம்பெறுமா என்பது இனித்தான் முடிவாக வேண்டும்.